ஆசிய ஜோடிப் பட்டம்

நம்மவர் இல்லங்களில் ஒரு பையன் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டுவிட்டுப் புஜத்தை மடக்கிக் காட்டினால், "ஆமாம், பெரிய தாராசிங்!" என்று பாட்டிமார் சிரிப்பது வழக்கம். பஞ்சாபில் பிறந்த ஒரு பயில்வானின் பெயர் தமிழர் அடுக்களை வரையில் வந்து வழக்குச் சொல்லாகிவிட்டது. 1987-இல் தொலைக்காட்சியில் இராமாயணத் தொடர் வந்தபோது அனுமனாகத் தோன்றியவரும் அவரே. 2003-இல் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தவரும் அவரே. 2012-இல் அவர் மறைந்தபோது துக்கம் விசாரிக்காத ஊர் இல்லை. அவரோடு இந்தியக் கோதாக்களில் மோதிய ராட்சத உருவினரான கிங்காங்கையும் நம் முதியோர் நன்கு அறிவர். ஆனால் டைகர் ஜோகிந்தர் சிங் என்ற பெயரைச் சொன்னால், "யார் அவர்?" என்றே நம்மில் பெரும்பாலோர் கேட்போம்.

ஜப்பானில் இன்றும் வழங்கப்பட்டுவரும் தொழில்முறைக் குஸ்திப் பட்டங்களுள் மிகப் பழையது அகில ஆசிய ஜோடிப் பட்டம் என்பது. 1955 நவம்பரில் டோக்கியோ நகரில் அது முதன்முதலாக அளிக்கப்பட்டது. அப்பட்டம் பெற்றோர் வரிசையில் முதல் வரியில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று கிங்காங், மற்றொன்று டைகர் ஜோகிந்தர் சிங். ஓர் இந்தியர் தொடங்கிவைத்த வரலாறு இது. பிறந்த மண்ணை விட்டு அயலூரில் பிழைப்போர் படிக்கும் இவ்விதழில் அவ்வரலாற்றைக் கூற நாம் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போக விளங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நேர்மை. மண் கொத்தி, எண்ணெயும் மஞ்சளும் கலந்து, குருவை வணங்கி இறங்கும் நம் நாட்டு அகாடாக் குஸ்தி வேறு. டிக்கட் விற்று, விளக்கொளியில், கயிறு கட்டிய மேடையின்மேல் நடக்கும் தொழில்முறைக் குஸ்தி வேறு. பின்னதில் யார் வெல்வது என்பது பெரும்பாலும் முன்னரே பேசி முடிவு செய்யப்படுவது. இதைக் கேட்டவுடன், "அப்படியானால் எல்லாம் பொய்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதுவதில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது ஊருக்கே தெரியும். ஆயினும் விடியவிடிய அமர்ந்து பார்க்கிறோம். கோதாவில் பத்தடிக்கு அப்பால் தூக்கி எறியப்படும் உடல் மட்டும் பொய்யன்று. அவ்வுடலுக்கு நேரும் வலியும் பொய்யன்று.

ஜோடிக் குஸ்தியின் முறை எளிது. இருவர் ஓர் அணி. ஒரு நேரத்தில் ஒருவரே கோதாவுக்குள் நின்று பொருத வேண்டும். மற்றவர் கயிற்றுக்கு வெளியே, தம் மூலையில் கட்டப்பட்ட சிறு கயிறொன்றைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவர் உள்ளே இறங்கலாம். ரயில்வேயில் டிக்கட் கௌண்டரில் அமர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரிலீவர் வந்து சார்ஜ் எடுத்துக்கொள்ளும் வரையில் இருக்கையை விட்டு எழ முடியாது. பசியும் களைப்பும் நம்மோடுதான். ரிலீவர் வரும் வழியையே கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஜோடிக் குஸ்தியின் ரசம் முழுவதும் அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது. அடிபட்டவன் தன் மூலையை நோக்கித் தவழ்ந்து வருகிறான். தோழனின் நீட்டிய கைக்கும் இவன் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எதிரி காலைப் பிடித்து இழுக்கிறான். கூட்டம் எழுந்து நின்று அலறுகிறது.

ஜப்பானியர் இந்தத் தவிப்பை முதன்முதலாகப் பெருங்கூட்டமாகக் கண்டது 1954 பிப்ரவரி 19-ஆம் நாள். டோக்கியோவில் குராமே கொக்குகிகான் என்ற சுமோ அரங்கில் அன்று மோதியவர்கள் இரு ஜோடியினர். ஒரு பக்கம் அமெரிக்காவின் சான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் உலக ஜோடிப் பட்டம் என்ற பெயருடன் வழங்கிய பட்டத்தை வைத்திருந்த ஷார்ப் சகோதரர்கள், பென்னும் மைக்கும். வட்டாரப் பட்டத்துக்கு உலகப் பெயர் சூட்டுவது குஸ்தி வியாபாரத்தில் சாதாரணம். மறுபக்கம் ரிக்கிடோசன் என்பவரும், ஜூடோ வீரரான கிமுரா மசாஹிக்கோவும். அமெரிக்கப் படைகளின் ஆளுகை ஜப்பானை விட்டு நீங்கி அப்போது ஈராண்டு கூட நிறையவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த இரு வெள்ளையரைக் குள்ளமான தம்மவர் எதிர்த்து நிற்கும் காட்சி தோல்வியுற்ற அந்நாட்டு மக்களுக்கு எத்தகைய மருந்தாக இருந்திருக்கும்! வேடிக்கை என்னவெனில், ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கரே அல்லர். கனடாவின் ஹாமில்டன் நகரத்தார். கூட்டத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டுக்கொரு பெட்டி வாங்கும் வசதி மக்களுக்கில்லை. ஆதலின் தொலைக்காட்சி நிறுவனத்தார் கடைவீதிகளிலும் ரயில் நிலைய முற்றங்களிலும் பெட்டிகளை உயரத்தில் பொருத்திவைத்தனர். ஷிம்பாஷி ரயில் நிலையத்தின் எதிரே மட்டும் இருபதாயிரம் பேர் திரண்டனர் என்று அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோர் குறிக்கின்றனர். ஒரே சிறு பெட்டியை நோக்கி இருபதாயிரம் முகங்கள்! தீபாவளிக்கு முந்திய நாள் சென்னை வண்டி புறப்படும் பிளாட்பாரத்தைக் கண்டவர்கள் அக்கூட்டத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நம் கூட்டம் வண்டியேறிப் போய்விடும். அந்தக் கூட்டம் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தது.

அந்தப் பந்தயங்களில் ரிக்கிடோசன் கண்ட உத்தி என்னவென்றால், தோழர் கிமுரா அடிபட வேண்டும். பெரும்பாடு பட்டு மூலைக்கு வர வேண்டும். பின்பு தாம் பாய்ந்து இறங்கி, கைவிரல்களைச் சேர்த்துக் கத்தியைப்போல் பக்கவாட்டில் வெட்டி எதிரிகளைச் சாய்க்க வேண்டும். வெற்றி முழக்கம் ரிக்கிடோசனுக்கு, வீக்கங்கள் கிமுராவுக்கு. கிமுராவோ சாதாரண ஆள் அல்லர். 1951-இல் பிரேஸில் நாட்டின் ரியோ நகரில் ஏலியோ கிரேஸியைக் கைப்பூட்டினால் வென்றவர். அந்தப் பூட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உண்மையாகவே மோதினால் தாம் தோற்கமாட்டோம் என்று அவர் பத்திரிகையில் வெளிப்படையாகக் கூறினார். அதன் விளைவாக 1954 டிசம்பர் 22-இல் இருவரும் தனித்து மோதினர். ரிக்கிடோசன் ஈவிரக்கமின்றி அடித்துக் கிமுராவை வீழ்த்தினார். சமனாக முடிப்பதாகப் பேசிக்கொண்ட பேச்சை அவர் மீறிவிட்டார் என்பது கிமுராவின் குற்றச்சாட்டு. ஜோடி உடைந்தது. இருவர் சேர்ந்து உழைத்த இடத்தில் ஒருவர் பெயர் மட்டும் விளங்குவது உலகத்தில் புதிதன்று. எனினும் இவ்வளவு பகிரங்கமாக அது நடந்ததில்லை.

இனி ஆசியப் பட்டத்துக்கு வருவோம். அமெரிக்கப் பட்டத்தைச் சுமந்து வந்தவர்களோடு மோதியாயிற்று; ஆசியாவுக்கென்றே பட்டங்கள் வேண்டும் என்று ரிக்கிடோசனின் சங்கத்தார் எண்ணினர். 1955 நவம்பரில் தனியாள் பட்டம் ஒன்றும் ஜோடிப் பட்டம் ஒன்றும் ஏற்பட்டன. ஜோடிப் பட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் ஒரு பக்கம் ரிக்கிடோசனும் ஹாரல்ட் சகாட்டாவும். மறுபக்கம் கிங்காங்கும் ஜோகிந்தர் சிங்கும். இந்த நால்வரைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

கிங்காங்கின் இயற்பெயர் எமில் ட்ஸாயா. இன்று ருமேனியாவில் உள்ள பிராஷோவ் நகரத்தில் 1909-இல் பிறந்தவர். ஹங்கேரியர் என்றே அறியப்பட்டவர். கிழக்கே வந்து, சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டு, இந்தியாவிலும் மலேயாவிலும் கோதா கோதாவாகத் திரிந்து, 1970-இல் மோட்டார் விபத்தின் காரணமாக அங்கேயே உயிர்நீத்தார். ஹாரல்ட் சகாட்டா ஹவாய்த் தீவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். பின்னர் 1964-இல் கோல்ட்ஃபிங்கர் என்ற ஆங்கிலப் படத்தில் இரும்பு விளிம்புத் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாளாக வந்தாரே, அவர்தான். ஜோகிந்தர் சிங்கோ இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற பயில்வான். ஆக, ஆசியப் பட்டத்துக்குப் பொருதிய நால்வரில் மூவர் அந்நகரத்துக்கு அயலார் என்பது வெளிப்படை. நான்காமவர் மட்டுமே அந்நாட்டார் என்று அரங்கம் நம்பியது.

அவரும் அந்நாட்டில் பிறந்தவர் அல்லர். ரிக்கிடோசன் கொரியாவின் வடபகுதியில் ஹாம்கியோங் பிரதேசத்தில் 1924-இல் பிறந்தவர். தாய் தந்தையர் இட்ட பெயர் கிம் சின்-ராக். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், சுமோ மல்லராகும் பொருட்டு அழைத்துவரப்பட்டு 1940-இல் டோக்கியோவில் களமிறங்கினார். ரிக்கிடோசன் என்பது சுமோக் கூடத்தார் சூட்டிய பெயர். செகிவாக்கே என்னும் உயர்படி வரையில் ஏறி, 1950-இல் தம் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு சுமோவை விட்டு வெளியேறினார். பின்னர் ஆவணங்களில் அவர் பெயர் மோமோட்டா மிட்சுஹிரோ என்றும், பிறந்த ஊர் நாகசாகி வட்டத்து ஓமுரா என்றும் பதிவாயிற்று. ஜப்பானின் மானத்தைக் காத்த வீரர் என்று இலட்சக்கணக்கானோர் கொண்டாடிய மனிதர், தாம் பிறந்த ஊரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாதவராய் வாழ்ந்தார். அந்நாட்டில் கொரியர் அடைந்த இழிவு அத்தகையது. சொல்லியிருந்தால் ஷிம்பாஷி முற்றத்தில் அத்தனை பேர் கூடியிருப்பார்களோ?

வெளியூரில் குடியேறிய நமக்கு இதில் நெஞ்சைத் தொடும் ஒன்று உண்டு. நம் பெயர்களும் இங்கே உருமாறித்தானே இருக்கின்றன? முன்னெழுத்தை விரித்தெழுது என்று கேட்ட குமாஸ்தா, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட, அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் தந்தை பெயராலேயே அழைக்கப்படுவோர் நம்மில் எத்தனை பேர்! திருநெல்வேலியா, தஞ்சாவூரா, சேலமா என்ற பேதமின்றி 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கப்பட்ட காலமும் நெடிது. ஆனால் நாம் மாலையில் வீட்டுக்கு வந்தால் நம் பெயர் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. சங்கத்துக்கு வந்தால் ஊர்ப் பெயரும் கிடைக்கிறது. ரிக்கிடோசனுக்கு அப்படி ஒரு சங்கம் இருக்க வழியில்லை. அவருடைய மகள் ஒருத்தி வட கொரியாவிலேயே வளர்ந்தாள். 1963 ஜனவரியில் அவர் தென் கொரியாவுக்கு ஒருமுறை சென்று வந்தார். பிறந்த ஊர் எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8-இல் டோக்கியோவின் இரவு விடுதியொன்றில் ரவுடி ஒருவனால் கத்திக்குத்துப்பட்டு, 15-ஆம் நாள் காலமானார். வயது 39.

1955-இன் இறுதிப் பந்தயத்துக்கு மீள்வோம். அதில் கிங்காங்கும் ஜோகிந்தர் சிங்கும் வென்றனர். சொந்த அரங்கில் ரிக்கிடோசன் தோற்றாரா என்று வியக்க வேண்டாம். அதே மாதம் 22-ஆம் நாள் தனியாள் பட்டத்துக்கான பந்தயத்தில் அவர் கிங்காங்கை வீழ்த்தினார். ஜோடியில் தோற்றுத் தனியே வென்றால்தான் அந்த வெற்றிக்கு மதிப்பு மிகும் என்பது கோதா வியாபாரத்தின் கணக்கு. ஜோடிப் பட்டத்தை இந்தியரும் ஹங்கேரியரும் எடுத்துக்கொண்டதற்கு அக்கணக்கே காரணமாக இருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். எவ்வாறாயினும் எழுத்து எழுத்துதான். முதல் வரியை யாரும் அழிக்கவில்லை.

வந்தவர்கள் ஜப்பானை விட்டுச் சென்றதும் பட்டம் சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1960-இல் ரிக்கிடோசனும் டோயோனோபோரி என்ற மற்றொரு முன்னாள் சுமோ மல்லரும் அதை மீண்டும் உயிர்ப்பித்தனர். அதன் பின்பு வந்தவர்களிலும் புலம்பெயர்ந்தோர் கதை தொடர்கிறது. கிம் இல் என்பவர் தென் கொரியாவிலிருந்து 1958-இல் அனுமதிச் சீட்டின்றிக் கடல் கடந்து வந்து சிறைப்பட்டார். ரிக்கிடோசன் பொறுப்பேற்று மீட்டுத் தம் சீடராக்கிக்கொண்டார். ஜப்பானில் அவருக்கு ஓக்கி கிந்தாரோ என்று பெயர். ஆனால் இவர் குருவைப்போல் பிறப்பை மறைக்கவில்லை. தலையால் முட்டியே எதிரிகளைச் சாய்க்கும் கிம் இல்லைக் கொரிய மக்கள் தம் பிள்ளையாகக் கொண்டாடினர். 2006-இல் அவர் மறையும் வரையில் அந்த அன்பு குறையவில்லை. குரு மூடிய கதவைச் சீடர் திறந்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. அடுத்தவர் அந்தோனியோ இனோக்கி. பிறப்பால் ஜப்பானியரேயாயினும், சிறுவனாகக் குடும்பத்தோடு பிரேஸிலுக்குக் கப்பலேறி, அங்கே காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர். 1960-இல் அங்குச் சென்ற ரிக்கிடோசன் அவரைக் கண்டெடுத்துத் திரும்ப அழைத்து வந்தார். 1995 ஏப்ரலில் இதே இனோக்கி வட கொரியாவின் பியோங்யாங் நகரில் மாபெரும் குஸ்தி விழா ஒன்றை நடத்தினார். குருவால் போக முடியாமற்போன பக்கத்துக்குச் சீடர் போய்வந்தார்.

கிம் இல், இனோக்கி ஆகிய இருவரோடும் தனித்தனியே ஜோடி சேர்ந்து இந்தப் பட்டத்தை வென்றவர் யோஷிமுரா மிச்சியாக்கி. பெரிய பெயர்களுக்கு நடுவே எப்போதும் இரண்டாம் பெயராக எழுதப்பட்டவர். ஜோடிக் குஸ்தியை உணர்ந்து பார்ப்பவர்கள், பாய்ந்து இறங்கி வெல்பவரைவிட இத்தகையவரையே மதிப்பர் என்று நாம் எண்ணுகிறோம். அடிபடத் தெரிந்தவன் இல்லாவிட்டால் வெல்பவனுக்கு என்ன வேலை?

எஞ்சிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1972-இல் இனோக்கி பிரிந்து ஒரு சங்கம் கண்டார்; அவருடன் பயின்ற ஜயன்ட் பாபா பிரிந்து அகில ஜப்பான் சங்கம் கண்டார். மறு ஆண்டில் ரிக்கிடோசன் நிறுவிய பழைய சங்கம் மூடப்பட்டது, பட்டமும் உறங்கியது. 1976-இல் பாபாவின் சங்கம் அதைத் தட்டி எழுப்பியது. அதைவிடப் பெரிய பட்டங்கள் தோன்றிவிட்டதால், இது இளையோர் ஏறும் முதற்படியாக மாறிற்று. எண்பதுகளின் இறுதியில் கவாடாவும் புயுக்கியும் மூன்று முறை அதைப் பெற்றனர். அவர்களோடு மாறி மாறி மோதிய டக் ஃபர்னஸ், டான் க்ரோஃபட் என்ற வெளிநாட்டு ஜோடியும் பலமுறை பெற்றது. 2000-இல் அச்சங்கத்தின் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் வெளியேறிப் புதுச் சங்கம் தொடங்கியபோதும், பட்டம் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தியரைப் பொறுத்த வரையில், பின்னாளில் ஜப்பானியர் மனத்தில் பதிந்த பெயர் டைகர் ஜீத் சிங். பஞ்சாபிலிருந்து கனடாவில் குடியேறியவர். 1973 முதல் இனோக்கியை எதிர்த்து ஜப்பானியர் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியவர். அவருக்கு ஜோடியாக அமைந்த உயெடா உமானோசுக்கே என்பவர் ஜப்பானியரே. தலைமயிருக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டு சொந்த ஊரிலேயே அயலானாக நின்றவர். கனடாவின் மில்டன் நகரில் 2010-இல் திறக்கப்பட்ட பள்ளியொன்றுக்கு டைகர் ஜீத் சிங்கின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் வரியில் உள்ள மற்றொரு டைகரின் பெயர் எந்தப் பாட்டியின் வாயிலும் ஏறவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பம்பாய் வல்லபாய் பட்டேல் அரங்கிலும் பிற ஊர்களிலும் பந்தல் போட்ட மைதானங்களிலும் டிக்கட் வாங்கிக் குஸ்தி பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பர். நம் சங்கத்துக் குடும்பங்களில் அத்தகைய பெரியவர்கள் சிலர் இருக்கக்கூடும். தாராசிங்கைப் பற்றியும் கிங்காங்கைப் பற்றியும் அவர்கள் எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் வாய் திறக்கும்போது, மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டைகர் ஜோகிந்தர் சிங் என்று ஒருவர் நின்றிருந்தாரா, அவர் நடை எப்படி, பிடி எப்படி என்று பேரப்பிள்ளைகள் கேட்டு, இரண்டு வரியேனும் எழுதி இவ்விதழுக்கு அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறோம்.